ஒத்தார் வெட்டியெடுத்த பெயர்

போன கிழமை சமையலறை வேலை பற்றி எழுதும்போது, கோப்பை கழுவ வந்த ஜோர்ஜியாக்காரர் ஒருவர் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். அது யார், அவருக்கு என்ன நடந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் பாரிசுக்குப் பக்கத்தில், திரான்சியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார். மற்றவர் என் மனைவி.

சரி, எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை. பாரிசில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியின் மேல் முனையில், நம் கடைகள் இருக்கிற பக்கம், ஒரு தேத்தண்ணிக் கடை. வாசலில் மரக்கறிப் பெட்டிகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொத்தமல்லி இலையின் வாசம் உள்ளே வரை வந்தது. எனக்கு முன்னால் ஒத்தார், அந்த ஜோர்ஜியாக்காரர், இருந்தார். என் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை துணி சுற்றியிருந்தது.

ஒத்தார் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார். பிரெஞ்சில் எழுதியிருந்தது. தொழிற் பரிசோதகர் கந்தோருக்கு, வேலையிடங்களைச் சோதிக்கிற அரசாங்க அலுவலகத்துக்கு, என்று மேலே இருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். அந்த இடத்தில் விரலை வைத்து, பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“உன் பெயர். முதலில் உன் எழுத்தில் எழுது. பிறகு பிரெஞ்சு எழுத்தில்.”

வலது கையால் எழுதினேன். சிவபாதசுந்தரம். நீளமான பெயர். அந்த இடத்துக்குள் அடங்காமல் ஓரத்துக்கு வந்துவிட்டது.

அவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உங்கள் எழுத்தும் எங்கள் எழுத்துப் போல வளைந்து வளைந்துதான் இருக்கிறது என்றார். சந்தோசமாக மடித்து வைத்தார்.

அது என் பெயர் இல்லை.

காட்

சண்டை முடிந்த அடுத்த வருடம் நான் வன்னியிலிருந்து இங்கே வந்தேன். என் பெயர் குகன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. அகதிக் கேஸ் கொடுத்தேன். முதல் தரம் நிராகரித்தார்கள். மேல்முறையீடு செய்துவிட்டு இருந்தேன். அந்த நேரம் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை.

இதைப் படிக்கிற நம் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளியாட்கள் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி: விசா இல்லாதவன் விசா உள்ள ஒருவரின் காட்டை, அதாவது வதிவிட அட்டையை, கொண்டு போய் வேலைக்குச் சேருவான். வேலையில் அவனுக்கு அந்த ஆளின் பெயர். பலர் வருடக்கணக்காக அப்படி இருந்தார்கள். என்னுடன் அறையில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேர் வேலையில் வேறு ஆட்களின் பெயரில் இருந்தார்கள்.

எனக்குக் காட் தந்தது பெரியம்மாவின் மகன், சிவபாதசுந்தரம். நான் கூப்பிடுவது சிவம் அண்ணை. திரான்சியில் குடும்பத்தோடு இருக்கிறார். படத்தில் மீசையோடு, என்னைவிடப் பத்து வயது கூடத் தெரிவார். முதலாளி படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், சரி என்றார். அவருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முகம். அல்லது அப்படி வைத்துக்கொள்வது அவருக்கு வசதி.

சமையலறையில் நான் சிவா. உண்மை தெரிந்தது பெரிய சமையல்காரர் தேவன் அண்ணைக்கு மட்டும். அவரும் சிவா என்றுதான் கூப்பிடுவார். வாய் தவறக் கூடாது என்பதற்காக, வெளியில் சந்தித்தாலும் சிவாதான். கொஞ்ச நாளில் எனக்கும் பழகிவிட்டது. வீதியில் யாரோ குகன் என்று யாரையோ கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. சிவா என்றால் திரும்பினேன்.

சிட்டுத் துண்டுகள்

ஒத்தார் வந்தது ஒரு குளிர்காலம். நெட்டையான ஆள். கொஞ்சம் கூன். கோப்பை கழுவுகிற இடத்தில் ஆவி வந்து கண்ணாடியை மூடிவிடும். அவர் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பாதிப் பார்வையில் கழுவுவார். ஆனால் சுத்தமாகக் கழுவுவார். கிளாஸ் முதலில், தட்டு பிறகு, சட்டி கடைசி.

ஜோர்ஜியா என்றதும் தேவன் அண்ணைக்குச் சந்தேகம்.

“ஜோர்ஜியா அமெரிக்காவில எல்லோ கிடக்கு? அங்கையிருந்து ஏனடாப்பா இவன் இஞ்சை கோப்பை கழுவ வந்தவன்?”

அது வேறு, இது ரஷ்யாவுக்குப் பக்கத்தில் உள்ள நாடு என்று ஒத்தார் விளங்கப்படுத்தினார். அப்ப ரஷ்யாக்காரன் என்றார் தேவன் அண்ணை. ஒத்தாருக்கு அன்றைக்குத்தான் முதல் தரம் கோபம் வந்தது. ஒரு சட்டியை வேகமாக வைத்தார். பிறகு மத்தியானச் சாப்பாட்டில் எழும்பி நின்று, அரைக் கிளாஸ் வைனைப் பிடித்துக்கொண்டு, தன் நாட்டுக்கும் எங்கள் நாட்டுக்கும் என்று ஏதோ நீளமாகச் சொல்லிக் குடித்தார். அவர்களுடைய வழக்கம் அது. சும்மா குடிக்க மாட்டார்கள். ஒன்றைச் சொல்லித்தான் குடிப்பார்கள்.

எங்கள் இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் ஒரே அளவு அரைகுறை. அதனால் நன்றாகக் கதைக்க முடிந்தது. அவர் சொன்னவற்றை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவர் எழுத்தாளர் என்பது எங்களுக்கு மெதுவாகத்தான் தெரியவந்தது. ஓடர் எழுதுகிற சிட்டுகள் மேசையிலிருந்து திரும்பி வரும். எறிகிற சிட்டுகள். அவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, உப்பு டின்னுக்குப் பின்னால் செருகி வைப்பார். பேனா என்றால் ஆவியில் மை ஊறிவிடும் என்பார்.

என்ன எழுதுகிறார் என்று தேவன் அண்ணை என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். சமையல்காரர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு முதல் தரம் கதிரையில் இருந்தார், அதைத்தான் எழுதுகிறேன் என்றார்.

“நான் எத்தினை தரம் மூத்திரம் பெய்யப் போனனான் எண்டும் எழுதச் சொல்லு,” என்றார் தேவன் அண்ணை.

நான் அதைச் சொன்னேன். ஒத்தார் சிட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். அதுவும் எழுதியிருக்கிறேன், இரண்டு தரம், மூன்றாவது தரம் முதலாளி விடவில்லை என்றார்.

தேவன் அண்ணை சிரிக்கவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டே நின்றார். கொஞ்சம் கழித்து, “உவன் சரியான ஆள்தான்,” என்றார். அதற்குப் பிறகு ரஷ்யாக்காரன் என்று சொன்னதில்லை.

கறுப்பு ஆறு

ஒத்தாரின் ஊர் மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். மலையில் சுரங்கம். கறுப்புக் கல் தோண்டுவார்கள். இரும்போடு கலக்கிற ஏதோ ஒன்று. வேலைக்குப் போகிறவர்கள் கம்பியில் தொங்குகிற பெட்டியில் ஏறி மலைக்குப் போவார்கள். ஊருக்கு நடுவில் ஓடுகிற ஆறும் கறுப்பு. வெள்ளைத் துணி அந்த ஊரில் விற்காது என்பார்.

அவர் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். கதை எழுதிக்கொண்டிருந்தார். காதல் கதை, மலைக் கதை. படிப்பிக்கிற பிள்ளைகளின் தகப்பன்மார் இருமி இருமிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு காதல் கதை எழுத வெட்கமாக இருந்தது என்றார். சுரங்க வேலைக்காரரைப் பற்றி எழுதத் தொடங்கினார். யார் எத்தனை மணிநேரம் உள்ளே நின்றார், யாருக்கு எந்த விரல் போனது, கொம்பனி என்ன சொன்னது. ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் ஆட்களின் பெயர். பெயர் இல்லாமல் எழுதினால் அது கதை, பெயரோடு எழுதினால்தான் அது முறைப்பாடு என்பது அவருடைய கணக்கு.

ஒருநாள் சுரங்கம் உள்ளே இடிந்தது. செத்தவர்கள் என்று கொம்பனி சொன்ன தொகை குறைவு. ஒத்தார் பெயர் கேட்டு வீடு வீடாகப் போகவில்லை, நேரம் இல்லை. உள்ளே போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு கொடுப்பார்கள். விளக்கை எடுக்கும்போது தங்கள் பெயரும் இலக்கமும் போட்ட பித்தளைத் தகட்டை வாசலில் ஆணியில் கொழுவ வேண்டும். திரும்பி வந்தால் தகட்டைக் கழற்றுவார்கள். கழற்றாமல் தொங்கிய தகடுகளைப் பார்த்து அவர் பெயர்களை எழுதினார். அடுத்த நாள் பேப்பரில் வந்தது.

அதில் ஒரு பெயர் பிழை.

அந்தத் தகட்டுக்குரிய ஆளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். அவனுடைய மச்சான் அவனுடைய தகட்டைக் கொண்டு போயிருக்கிறான். ஒரு நாள் வேலை போய்விடக் கூடாது என்பதற்காக. செத்தது மச்சான். பேப்பரில் வந்தது வீட்டில் படுத்திருந்தவனின் பெயர்.

கொம்பனி ஆட்கள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து சந்தையில் நடக்கவிட்டார்கள். வாத்தியார் எழுதிய பிணம் நடக்கிறது பாருங்கள் என்றார்கள். ஒரு பெயர் பிழை என்றால் எல்லாமே பொய் என்றார்கள். சனமும் அப்படித்தான் சொன்னது. அவருக்கு வேலை போனது. வீட்டுக்குக் கல் எறிந்தார்கள். பிறகு கல்லைவிடப் பெரியது வந்தது. அவர் நாட்டை விட்டு வந்தார்.

அதெல்லாம் பரவாயில்லை என்றார் ஒத்தார். செத்தவனின் மனைவி வந்து கதவைத் தட்டினாள். பேப்பரைக் கையில் வைத்திருந்தாள். என் புருசனின் பெயர் இதில் எங்கே இருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியாது, காட்டுங்கள் என்று கேட்டாள்.

இதை அவர் எனக்குச் சொன்னது பின் வாசல் படியில். இரண்டு பேரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம்.

இதைக் கேட்டவன் நான். கேட்டு மூன்று மாதம் கழித்துத்தான் அந்தக் கடிதத்தில் அண்ணையின் பெயரை எழுதினேன்.

குழாய்

பொரிக்கிற மெஷினின் அடியில் எண்ணெய் இறக்குகிற குழாய் இருக்கும். எங்களுடைய குழாய் தேய்ந்து, கம்பியால் கட்டியிருந்தது. கிழமைக்கு ஒரு தரம், செவ்வாய் மத்தியானம் எண்ணெய் மாற்ற வேண்டும். ஆறவிட்டு இறக்க வேண்டும். ஆற மூன்று மணிநேரம் வேண்டும். முதலாளி அவ்வளவு நேரம் தருவதில்லை. சூட்டோடு இறக்குவோம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

அந்தச் செவ்வாய் கம்பி விட்டுவிட்டது. எண்ணெய் என் இடது கையில் வந்தது.

ஒத்தார்தான் என்னை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குக் கீழே கையைப் பிடித்தார். நிறைய நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போ, ஆனால் வீட்டில் நடந்தது என்று சொல் என்றார். ஒரு கிழமை லீவு என்றார். போய்விட்டார்.

நான் அப்படியே சொன்னேன். வீட்டில் மீன் பொரித்தேன் என்றேன். டொக்டர் என் முகத்தைப் பார்த்தார், எழுதினார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது என் சொந்தப் பெயர். என் வைத்தியக் காட் அந்தப் பெயரில்தான் இருந்தது. ஆஸ்பத்திரிப் பேப்பரில் குகன். வேலைப் பேப்பரில் சிவபாதசுந்தரம்.

ஒத்தாருக்குத் தாங்கவில்லை. குழாய், கம்பி, நேரம், முதலாளி சொன்ன சொல், எல்லாம் சிட்டில் எழுதி வைத்திருந்தார். அதை ஒரு கடிதமாக்கி, பிரெஞ்சு படிப்பிக்கிற ஒரு அம்மாவிடம் திருத்தி வாங்கியிருந்தார். ஒத்தாரும் அந்தச் சமையலறையில் பேப்பர் இல்லாத வேலைதான் செய்தார். அந்தக் கடிதம் போனால் அவருடைய வேலையும் போகும். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. திங்கட்கிழமை நேரே கொண்டுபோய்க் கொடுப்பேன், தபாலை நம்ப முடியாது என்றார்.

இப்படித்தான் அந்தச் சனிக்கிழமை, தேத்தண்ணிக் கடையில், பேனா என் பக்கம் வந்தது.

ஏன் அந்தப் பெயரை எழுதினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயம் ஒன்று. மற்றது, கேட்டவுடன் கை அதைத்தான் எழுதியது. வேலை சம்பந்தமான எந்தப் பேப்பரிலும் நான் வேறு பெயர் எழுதியதில்லை.

திரான்சி

ஞாயிற்றுக்கிழமை சிவம் அண்ணை வீட்டுக்குப் போனேன். அண்ணி துணி மாற்றி மருந்து பூசிவிட்டா. அண்ணை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பெயர் எழுதியதையும் சொன்னேன்.

அண்ணை பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

அவருக்கு அடுத்த மாதம் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு நேர்முகம் இருந்தது. காட் கொடுத்தது பிடிபட்டால் குடியுரிமையும் இல்லை, இருக்கிற விசாவும் நிச்சயமில்லை. மூன்று பிள்ளைகள். மூத்தவள் அடுத்த அறையில் தொலைபேசியில் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

“கடிதம் குடுத்தாச்சோ?”

“இல்லை அண்ணை. நாளைக்குக் குடுக்கிறார்.”

“நான் ஒண்டும் சொல்லேல்லை, குகன். எரிஞ்சது உன்ரை கை. ஆனா அவங்கள் இஞ்சை வந்து, சிவபாதசுந்தரம், கையைக் காட்டு எண்டால், நான் எதைக் காட்டுறது?”

தன் இடது கையை மேசையில் நீட்டினார். மணிக்கூட்டுத் தழும்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத கை. அண்ணி, “சாப்பிடுங்கோப்பா,” என்றா. அவர் சாப்பிடவில்லை.

வெள்ளைச் சட்டை

திங்கள் காலை வெள்ளையாக விடிந்தது. கார் து நோர் நிலையத்தில் ரயில் எடுத்து லா கூர்னெவ் போனேன். ஒத்தார் அங்கே ஒரு களஞ்சியத்துக்கு மேலே இருந்த அறையில், தன் நாட்டுக்காரர் மூன்று பேரோடு இருந்தார். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர் கட்டிலில் போர்வையை விரித்து, அதில் ஒரு வெள்ளைச் சட்டையை மினுக்கிக்கொண்டிருந்தார். கழுத்துப்பட்டி கதிரையில் தொங்கியது. கடிதம் மேசையில், ஒரு புத்தகத்துக்குக் கீழே, மடிப்பு விழாமல் வைத்திருந்தது.

நான் வந்ததும் சந்தோசப்பட்டார். துணைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். சட்டையைப் போட்டார். பொத்தான் பூட்டினார். கழுத்துப்பட்டியைக் கட்டினார்.

நான் சொன்னேன். அது என் பெயர் இல்லை என்றேன்.

விளங்கவில்லை. திரும்பச் சொல் என்றார். திரும்பச் சொன்னேன். காட், அண்ணை, திரான்சி, எல்லாம் சொன்னேன். என் பிரெஞ்சில் அது பத்து வரி வராது.

அவர் கட்டிலில் இருந்தார். மினுக்குப் பெட்டியின் வயரைக் கழற்ற மறந்துவிட்டார். நான் கழற்றினேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த ஆள் நடக்கிறாரா?”

“நடக்கிறார்,” என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மேசை லாச்சியிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோல் எடுத்தார். நகம் வெட்டுகிறது. கடிதத்தை எடுத்து, நான் எழுதிய பெயரைச் சுற்றி நாலு பக்கமும் மெதுவாக வெட்டினார். கடிதத்தின் நடுவில் ஓர் ஓட்டை வந்தது. வெட்டிய துண்டைத் தன் கொப்பிக்குள் வைத்தார். ஓட்டையுள்ள கடிதத்தை என் முன்னால் வைத்தார். அதற்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் வைத்தார். ஓட்டை வெள்ளையாகத் தெரிந்தது.

“உன் பெயரை இதில் எழுது. எழுதினால் இப்பவே போவோம். எழுதாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.”

பேனா மேசையில் இருந்தது. எழுதினால் என் கேஸ், அண்ணையின் நேர்முகம், தேவன் அண்ணை எனக்காகச் சொன்ன பொய், எல்லாம் வெளியில் வரும். எழுதாவிட்டால் கம்பி கம்பியாகவே இருக்கும். இரண்டும் எனக்கு வடிவாக விளங்கியது.

நான் எழுதவில்லை.

ஒத்தார் கழுத்துப்பட்டியைக் கழற்றினார். சட்டையைக் கழற்றி, பழையபடி கம்பியில் மாட்டினார். பாண் வெட்டினார். ஒரு போத்தலில் புளித்த பச்சைச் சாறு இருந்தது, அவர்களுடைய நாட்டுப் பழத்தில் செய்வது, அதில் கொத்தமல்லியும் உள்ளியும் போட்டிருக்கும். தோய்த்துச் சாப்பிட்டோம். பிறகு அவர் வேலைக்குப் போனார். நான் அறைக்குப் போனேன்.

என் சொந்தப் பெயர் என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கால்

லீவு முடிந்து நான் வேலைக்குப் போனேன். ஒத்தார் அதற்குப் பிறகு என்னை ஒருநாளும் சிவா என்று கூப்பிடவில்லை. என்ன தேவை என்றாலும் கிட்ட வந்து தோளில் தட்டுவார். சத்தமான சமையலறையில் அது வசதி இல்லை. ஆனாலும் அப்படித்தான் செய்தார். தேவன் அண்ணை கவனித்துவிட்டு, “என்ன, ரெண்டு பேரும் கோபமோ?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

சில மாதம் கழித்து அதே குழாயில், அதே கம்பி விட்டது. இந்த முறை மாலி நாட்டிலிருந்து வந்த ஒருவரின் காலில் ஊற்றியது. அவருக்குச் சொந்தப் பெயரில் காட் இருந்தது. ஒத்தார் கடிதம் எழுதினார், மாலிக்காரர் தன் பெயரை எழுதினார், இரண்டு பேரும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பரிசோதகர் வந்தார். நான் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. தேவன் அண்ணை வராதே என்று சொல்லியிருந்தார். குழாய் மாற்றினார்கள். எண்ணெய் ஆறவிட நேரம் கொடுத்தார்கள்.

ஒத்தாரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள்.

அந்த மாலிக்காரர் கடைசி வரை கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார். நான் அந்த ஓட்டையில் பெயர் எழுதியிருந்தால் அவர் நேராக நடந்திருப்பார். இதை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாம் பதிப்பு

பிறகு ஒத்தாருக்கு அகதி விசா கிடைத்து, தெற்கே ஓர் ஊருக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். சிவம் அண்ணைக்குக் குடியுரிமை கிடைத்தது. எனக்கும் கடைசியில் விசா கிடைத்தது. அந்தச் சமையலறையை விட்டேன். ஒரே அடுப்புக்கு முன்னால் வெள்ளிக்கிழமை சிவாவாகவும் திங்கட்கிழமை குகனாகவும் நிற்க முடியாது. வேறு இடத்தில் சேர்ந்தேன். முதல் நாள் என் பெயரைக் கேட்டபோது ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது.

இரண்டு வருடம் முந்தி தேவன் அண்ணை போன் எடுத்தார். ஒரு பெண் அந்த உணவகத்துக்கு வந்து, கை எரிந்த ஆளைத் தேடுகிறாள், உன் நம்பரைக் கொடுக்கவா என்றார். கொடுங்கள் என்றேன்.

அதே வீதி, அதே தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் மாறியிருந்தார். முப்பது வயது இருக்கும் அவளுக்கு. தகப்பன் ஒத்தாரைப் போல நெட்டை. கிட்ட வந்து, பெயர் கேட்கவில்லை. “நீங்கள்தானா அந்த இடது கை?” என்று கேட்டாள். அவளுடைய பெயர் நினோ.

ஒத்தார் முந்தின குளிர்காலத்தில் செத்துப்போனார் என்றாள். நெஞ்சு. சாகிறதுக்கு முன் ஒரு புத்தகம் எழுதினார், பாரிஸ் சமையலறைகளைப் பற்றி, அவர்களுடைய மொழியில். சிட்டுகளில் எழுதியதெல்லாம் அதில் வந்திருக்கிறது. நான் ரோல்ஸ் இரண்டு எடுத்து வந்து வைத்தேன். அவள் சாப்பிட்டபடி பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். தேவன் அண்ணையை மூன்றாம் தரம் போக விடாத கதையும் இருக்கிறது என்றாள்.

கடைசிப் பக்கங்களில் பெயர்கள். அவருடைய பழக்கம். சுரங்கத்துப் பெயர்களையும் திரும்பப் போட்டிருக்கிறார். அதில் முதலாவதாக, காய்ச்சல்காரனின் தகட்டோடு போய்ச் செத்த அந்த மச்சானின் பெயர். எந்தப் புத்தகம் எழுதினாலும் அந்தப் பெயரை முதலில் போடுவார் என்றாள்.

பிறகு சமையலறைப் பெயர்கள். மாலிக்காரரின் பெயர் இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி. முன்னால் வெறுமை. பின்னால் நாலு சொல். அவள் விரல் வைத்து வாசித்தாள்: இடது கை, எண்ணெய், செவ்வாய்.

படித்தவர்கள் அச்சுப் பிழை என்று நினைக்கிறார்களாம். இரண்டாம் பதிப்பு வருகிறது. அப்பா அந்த இடத்தை அப்படியே விடச் சொன்னார், ஆனால் அந்த ஆள் தானாகத் தந்தால் போடு என்றும் சொன்னார் என்றாள். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் பரவாயில்லை.

நான் வெளியில் வந்து சிவம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவருக்குத் தெரியாமல் ஒருமுறை எழுதியது போதும். முழுவதையும் கேட்டார்.

“எழுதடா, குகன்,” என்றார். “என்ரை பேரை மட்டும் திரும்பவும் எழுதிப்போடாதை.”

உள்ளே போனேன். நினோ தகப்பனின் கொப்பியைத் திறந்து வைத்திருந்தாள். ஒரு பக்கத்தில் அந்தச் சின்னத் துண்டு, நாலு பக்கமும் நகக் கத்தரிக்கோலால் வெட்டியது, ஒட்டியிருந்தது. சிவபாதசுந்தரம். மை கொஞ்சம் மங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தது.

உங்கள் எழுத்து எங்கள் அச்சகத்தில் இல்லை, படம் எடுத்துத்தான் போடுவோம், வடிவாக எழுதுங்கள் என்றாள். பேனா தந்தாள்.

எழுதினேன். மூன்று எழுத்து. நேரம் எடுக்கவில்லை.

அவள் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது சின்னதாக இருக்கிறதே,” என்றாள்.

“ஓம்,” என்றேன். “என்னுடையது இவ்வளவுதான்.”